புறக்கோட்டை பஸ்பங்குவ: எப்படிப் பார்த்து வாங்குவது, எந்தக் குளிசையோடு சேரக்கூடாது

தடிமன் பிடித்தால் கொழும்பில் தமிழ் வீடு, சிங்கள வீடு, முஸ்லிம் வீடு என்ற வேறுபாடில்லாமல் அடுப்பில் ஏறுவது மல்லித்தண்ணி. மல்லியோடும் வேர்க்கொம்போடும் (காய்ந்த இஞ்சி) பற்பாடகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் மூன்றும் சேர்ந்தால் அது பஸ்பங்குவ. பெயரே ஐந்து பங்கு என்று சொல்கிறது. புறக்கோட்டை காபோஸ் லேனிலும் ஐந்தாம் குறுக்குத் தெருவிலும் உள்ள நாட்டுமருந்துக் கடைகளில் நிறுத்துச் சரையில் தருவார்கள். சுப்பர் மார்க்கெட்டில் பொலித்தீன் பக்கெட்டில் கிடைக்கும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பலசரக்குக் கடைகளிலும் தொங்கும். பக்கத்திலேயே சுடுதண்ணியில் கரைக்கும் தூள் சரைகளும், அண்மைக் காலத்தில் பெருகிவிட்ட 'நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு) கூட்டும்' தூள்களும் மாத்திரைகளும் அடுக்கியிருக்கும். இந்த மூன்று வகையையும் இங்கே எடை போடுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வேறு நோயும் வேறு மருந்தும் இல்லாதவருக்குப் பஸ்பங்குவ நல்ல பொருள். கிளினிக் கொப்பி வைத்து நாட்பட்ட நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு அதே பொருள் வேறொன்றாக மாறிவிடும். இந்த வித்தியாசத்தைப் பக்கெட்டும் சொல்வதில்லை, கடையிலும் கேட்பதில்லை. நாங்கள் புள்ளி குறைப்பது இதற்குத்தான்.

சரக்கு

நிறுத்து வாங்குவதே மேல். ஐந்தையும் தனித்தனியே கண்ணால் பார்க்கலாம் என்பது ஒன்றே அதற்குப் போதிய காரணம்.

முதலில் மரமஞ்சள் தண்டைப் பாருங்கள். சிங்களத்தில் வெனிவெல்கெட்ட. வெட்டிய முகம் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கவேண்டும். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தால் உடனே கசக்கவேண்டும். மங்கிய பழுப்பு நிறமும் ஊசிமுனைத் துளைகளும் கண்டால் வண்டு குடியிருந்த பழைய சரக்கு. இது காட்டுக் கொடி. வளரப் பல வருடமெடுக்கும். இலங்கையில் அருகிவரும் இனம். அதனால் ஐந்தில் விலை கூடியதும் அளவில் குறைக்கப்படுவதும் பெரும்பாலும் இதுதான். கட்டிய பக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் மல்லி நிறைந்து, மரமஞ்சள் துண்டு இரண்டொன்று மட்டும் தெரியும்.

பற்பாடகம் வேரோடு பிடுங்கிக் காயவைக்கும் சிறு பூண்டு. வெள்ளைக் கடதாசியில் உதறினால் மண் கொட்டும். அதைக் கழுவாமல் அவிப்பவர்கள் ஏராளம். இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும்: தமிழ்நாட்டில் பற்பாடகம் என்று விற்பது வேறு செடி. சென்னையிலிருந்து வந்த சித்த மருத்துவக் குறிப்பை வைத்துக்கொண்டு புறக்கோட்டையில் வாங்கினால் பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும். வேர்க்கொம்பில் வெள்ளைப் பூச்சு தடிப்பாக இருந்தால் சுண்ணாம்பு தோய்த்தது. கழுவிச் சுரண்டிப் பாவியுங்கள். கண்டங்கத்தரியில் முள்ளும் தண்டும் தெரியவேண்டும். தண்டை வளைத்தால் படக்கென்று முறியவேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது.

ஈரம்தான் கொழும்பின் பெரிய வில்லங்கம். கடற்காற்றும் மழையும் சேர்ந்த ஊரில், சாக்குவாய் திறந்து கிடக்கும் மூலிகையில் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் வேண்டாம். மூக்கில் வைத்ததும் மக்கிய நாற்றம் வந்தால், பச்சையோ சாம்பலோ ஆன பொடி ஒட்டியிருந்தால், முதலாளி எவ்வளவு தெரிந்தவரானாலும் வேண்டாம். அவித்தால் பூஞ்சணம் செத்துப்போகும் என்பது பாதி உண்மை. அது விட்டுச்சென்ற நச்சில் சில கொதிநிலையையும் தாங்கும்.

அவிக்கும் அளவு

இலங்கைக் கசாயக் கணக்கு பழையது, தெளிவானது: 12 கழஞ்சு, அதாவது 60 கிராம் சரக்குக்கு 8 பத, அதாவது 1920 மில்லிலீற்றர் தண்ணீர். வற்றி 1 பத, 240 மில்லிலீற்றராக வரவேண்டும். பக்கெட் சிறிதென்றால் விகிதத்தை மாற்றாதீர்கள். 30 கிராமுக்கு 960 விட்டு 120 ஆக்குங்கள். 15 கிராமுக்கு 480 விட்டு 60.

இரண்டு தண்ணீரில் கழுவி, மரமஞ்சளையும் வேர்க்கொம்பையும் தட்டி, மண்சட்டியிலோ துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரத்திலோ மூடாமல் மெல்லிய நெருப்பில் வையுங்கள். முழு அளவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். பெரிய நெருப்பில் இருபது நிமிடத்தில் வற்றவைத்தால் தண்ணீர்தான் போகும், சரக்கு இறங்கியிராது. அலுமினியம் வேண்டாம். துணியில் வடித்து அன்றைக்கே குடித்து முடியுங்கள். நம் வெக்கையில் மேசையில் கிடந்த கசாயம் மறுநாள் காலையில் கிருமி வளர்க்கும் குழம்பு. இனிப்புக்குத் தேன் சேர்ப்பதானால் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அந்தத் தேன் கூடாது. கர்ப்பிணிக்கும் பிறந்த குழந்தைக்கும் மரமஞ்சள் சேர்ந்த கசாயமே கூடாது: அதிலுள்ள பெர்பரின், குழந்தையின் குருதியில் மஞ்சட்காமாலைப் பொருளைக் கூட்டக்கூடும்.

என்ன செய்யும், என்ன செய்யாது

சூடான திரவம் தொண்டையை ஆற்றும், சளியை இளக்கும், காய்ச்சலில் இழந்த நீரை ஈடுசெய்யும். இஞ்சி குமட்டலைத் தணிக்கும். இவ்வளவும் உறுதி, இதற்காகவே குடிக்கலாம். பெர்பரின் சோதனைக் குழாயில் பல கிருமிகளை அடக்குகிறது என்பதும் உண்மை. ஆனால் வாயால் குடித்தால் குடலிலிருந்து குருதிக்குள் போவது மிகக் கொஞ்சம். சோதனைக் குழாயில் கண்டது தொண்டையில் நடக்கும் என்று பக்கெட்டில் அச்சடிப்பது நேர்மையல்ல.

'நிர்ப்பீடன சக்தியைக் கூட்டும்' என்ற வாசகத்தில்தான் எங்களுக்குப் பெரிய முரண்பாடு. நிர்ப்பீடனம் என்பது திருகிக் கூட்டிக் குறைக்கும் ஒற்றைக் குமிழ் அல்ல. தோல், சளிப்படலம், இரைப்பை அமிலம், குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள், முதலில் ஓடிவரும் நியூட்ரோஃபில் வெண்குழியங்கள், ஆளையறிந்து அடிக்கும் நிணநீர்க் குழியங்கள், அவை செய்யும் பிறபொருளெதிரிகள் என்று காவல் பல அடுக்காக நிற்கிறது. தினமும் விழுங்கும் ஒமிப்பிரசோல் இரைப்பை அமிலத்தைக் குறைப்பதால் வயிற்றுக் கிருமிகளுக்கு வழி கொஞ்சம் அகலும். வைரஸ் தடிமனுக்கு வீணாக எடுக்கும் அமொக்சிசிலின் குடலின் நல்ல நுண்ணுயிரைக் கொல்லும். லூபஸ், முடக்குவாதம் போன்றவற்றில் இந்தக் காவலே சொந்த வீட்டுக்கு நெருப்பு வைக்கிறது. அங்கே சக்தியைக் கூட்டுவது என்றால் நெருப்புக்கு எண்ணெய்.

எந்தக் குளிசையோடு சேரக்கூடாது

சிறுநீரக மாற்று செய்தவர்களிலிருந்து தொடங்குகிறோம், அவர்களுக்குத்தான் ஆபத்து மிகக் கிட்ட இருக்கிறது. டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டும் மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் காவலை அடக்கி வைக்கும் மருந்துகள். குருதியில் அவை நிற்கவேண்டிய அளவு ஒடுங்கிய வரம்பு. அவற்றை உடைப்பது ஈரலிலும் குடற்சுவரிலும் உள்ள ஒரு நொதியம். மரமஞ்சளின் பெர்பரின் அந்த நொதியத்தைத் தடுக்கிறது. சிறுநீரக மாற்று நோயாளிகளில் சைக்ளோஸ்போரின் அளவை அது ஏற்றியது ஆய்வில் காட்டப்பட்டிருக்கிறது. மிளகு, திப்பிலியின் பைப்பரினும் அதே பக்கம் தள்ளும். வீட்டில் விளையும் ஜம்போலாவும் அப்படித்தான்.

அளவு ஏறினால் இரண்டு தீங்கு ஒன்றாக வரும். கை நடுங்கி, புதுச் சிறுநீரகமே பழுதாகும். காவல் அளவுக்கு மீறி அடங்கி, எதைத் தடுக்கக் கசாயம் குடித்தாரோ அந்தத் தொற்றே இலகுவாகப் பிடிக்கும். ஐந்து நாள் குடித்துவிட்டு நிறுத்தினால் அளவு மறுபடி இறங்கும். இடையில் வைத்தியர் மருந்தைக் குறைத்திருந்தால் இப்போது நிராகரிப்புப் பயம். கறியில் போடும் மிளகுக்கும் மஞ்சளுக்கும் இவ்வளவு அச்சம் தேவையில்லை. வற்றக் காய்ச்சிய கசாயமும் மஞ்சள்–மிளகு மாத்திரையும்தான் சிக்கல். ஏற்கெனவே குடித்துவிட்டவர் அடுத்த கிளினிக்வரை காத்திருக்காமல் உடனே அறிவித்து, காலைக் குளிசை போடுமுன் குருதி கொடுத்து அளவைப் பார்க்கவேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் கொண்டுவரும் செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் என்ற மனச்சோர்வு மூலிகைக் குளிசை அதே நொதியத்தை முடுக்கிவிடும். சைக்ளோஸ்போரின் அளவு சரிந்து, இதய மாற்று செய்த இருவருக்கு நிராகரிப்பு தொடங்கியதைச் சூரிச் வைத்தியர்கள் 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். பொதியில் கூடவே வரும் எக்கினேசியா மூலிகையும் மாற்று நோயாளிக்கு ஆகாது. அது காவலைத் தூண்டுவதற்கென்றே விற்கப்படுவது.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசை எடுப்பவர்களுக்கு அதிமதுரம் கவனம். அதன் கிளிசரைசின், உடலின் கோட்டிசோலை உடைக்கும் நொதியத்தை அடைக்கும். உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் இறங்கும், இரத்த அழுத்தம் ஏறும். பிரெட்னிசலோனும் உடலில் கூடநேரம் நிற்கும். நாளொன்றுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு கிழமைக்கு மேல் எடுப்பவருக்குக் காவல் குறிப்பிடத்தக்க அளவு தளர்ந்துவிட்டது என்று கொள்ளவேண்டும். உயிருள்ள தடுப்பூசிகளை அப்போது தவிர்ப்பதும் அதனால்தான். இவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் பெரிதாகக் காயாது. 'மல்லித்தண்ணி குடித்தேன், காய்ச்சல் ஏறவில்லை' என்பது இவர்களிடம் ஆறுதலான செய்தியல்ல. பயந்து குளிசையைத் திடீரென நிறுத்துவதும் கூடாது. அட்ரீனல் சுரப்பி உறங்கிக் கிடக்கும், ஆள் மயங்கி விழலாம்.

இந்த மதிப்புரையில் ஒரே ஒரு பந்தியை வெட்டி ஒட்டிவைக்கச் சொன்னால் அடுத்ததைச் சொல்வோம். தைரொயிட்டுக்குக் கார்பிமசோல், மனநோய்க்கு க்ளோசப்பின், முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட். இந்த மூன்றில் எதை எடுப்பவருக்கும் தொண்டைநோ வந்தால் அது தடிமன் என்று எண்ணிப் பஸ்பங்குவ வாங்கப் போகக்கூடாது. நியூட்ரோஃபில்கள் சடுதியாக அற்றுப்போவதன் முதல் அடையாளம் பெரும்பாலும் தொண்டைநோ, காய்ச்சல், வாய்ப்புண்தான். கார்பிமசோலில் இது முதல் மூன்று மாதத்தில் கூடுதலாக வரும். குளிசையை நிறுத்தி அன்றைக்கே முழுக் குருதி எண்ணிக்கை எடுக்கவேண்டும். க்ளோசப்பினுக்கு முதல் 18 கிழமையும் வாராவாரம் குருதி பார்ப்பதும் இதற்காகவே. மெதோட்ரெக்சேட் முடக்குவாதத்துக்குக் கிழமைக்கு ஒரு தரம் மட்டும். தவறுதலாகத் தினமும் போட்டால் குருதிக் குழியங்களை உண்டாக்கும் எலும்பு மச்சையே ஒடுங்கும். அதை எடுப்பவர் தொண்டைக்கென்று கோ–ட்ரைமொக்சசோல் வாங்கிப் போட்டால் அதுவும் மச்சையைத்தான் தாக்கும். இவர்கள் கசாயத்தில் இழக்கும் இரண்டு நாள் உயிருக்கு விலை.

டெங்கு தனிக்கதை. 2017இல் இலங்கையில் 186,101 பேர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். கொழும்பில் காய்ச்சல் என்றால் அதை முதலில் நினைக்கவேண்டும். பரசிற்றமோல் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் தொடக்கூடாது. மூன்றாம் நாளிலாவது குருதி எண்ணிக்கை எடுத்தாகவேண்டும். பப்பாசி இலைச்சாறு குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையை ஏற்றலாம் என்று சில சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் குருதிக் குழாயிலிருந்து திரவம் கசிவது, அதைச் சாறு தடுக்காது. கசப்பில் வாந்தியெடுத்தால் நீர் இன்னும் குறையும். மல்லித்தண்ணி குடிக்கலாம், குடித்த அளவையும் கழித்த சிறுநீர் அளவையும் எழுதி வையுங்கள், வார்ட்டில் முதலில் கேட்பது அதுதான். காய்ச்சல் விடும் நாளில்தான் கசிவு தொடங்கும். கசாயம் வேலை செய்துவிட்டது என்று வீடுகள் நம்பி ஏமாறுவதும் அதே நாளில்தான்.

மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோ எடுப்பவர்களுக்குக் கசாயத்தைவிடப் பச்சை இலை கூடிய கவலை. இலைக்கஞ்சியில் வல்லாரைச் சாறும் சாத்தாவாரிச் சாறும் அடுப்பை அணைத்தபின் விடப்படுவது வழக்கம். ருசிக்கும் நிறத்துக்கும் அது சரி. நியூட்ரோஃபில் விழுந்திருக்கும் கிழமையில் கழுவிய தண்ணீரும் இலையில் ஒட்டிய கிருமியும் நேரே உள்ளே போகும். சாறு விட்டபின் கஞ்சியை நன்றாகக் கொதிக்கவையுங்கள். வல்லாரைச் சம்பலை எண்ணிக்கை ஏறும்வரை தள்ளிவையுங்கள். இவர்களுக்கு 38 பாகை தாண்டிய காய்ச்சல் நிலைத்தால் கசாயமும் இல்லை, பனடோலும் இல்லை, நேரே வைத்தியசாலை.

கரைக்கும் சரை

சமஹன் இந்த வகையில் நாடறிந்த பெயர். 4 கிராம் சரை, 14 மூலிகை. ஆடாதோடை, இஞ்சி, மிளகு, திப்பிலி, அதிமதுரம் அதில் அடக்கம். அளவு ஒவ்வொரு சரையிலும் ஒன்றே என்பதும், சேர்மானம் அச்சிட்டிருப்பதும் சரைக்கடை மருந்தைவிட மேலான குணங்கள். வைத்தியரிடம் பெட்டியைக் காட்டலாம், இது சிறிய விடயமல்ல. சீனி சேர்ந்தது என்பதை நீரிழிவுக்காரர் கணக்கில் எடுக்கவேண்டும். மிளகும் அதிமதுரமும் இருப்பதால் மேலே சொன்ன எச்சரிக்கைகள் இதற்கும் உண்டு.

நிர்ப்பீடனத் தூள்களும் மாத்திரைகளும்

இவற்றை நாங்கள் சிபாரிசு செய்யவில்லை. சீந்தில், சிங்களத்தில் ரசகிந்த, கொரோனாக் காலத்தில் வீடுவீடாகக் குடிக்கப்பட்டது. அதைக் குடித்த ஆறு பேருக்குத் தன்னெதிர்ப்பு நோயைப் போன்ற ஈரல் அழற்சி வந்ததை மும்பை வைத்தியர்கள் 2021இல் அறிவித்தார்கள். வேறு இனச் சீந்தில் கலந்திருக்கலாம் என்று இந்திய ஆயுஷ் அமைச்சு மறுத்தது. அந்த மறுப்பே இங்கே எச்சரிக்கை: நம்மூரிலும் ரசகிந்தவும் தித்தகிந்தவும் இரண்டு கொடிகள், காய்ந்து தூளானபின் யாரும் பிரித்தறிய முடியாது. தைரொயிட், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர் இதைத் தொடவேண்டாம். அமுக்கரா (அஸ்வகந்தா) தைரொயிட் சுரப்பைக் கூட்டக்கூடும், ஈரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023இல் தடைசெய்தது. நிலவேம்பு சிலருக்குக் கடும் ஒவ்வாமை தந்திருக்கிறது, சீனி மருந்தோடும் பிரஷர் மருந்தோடும் சேர்ந்தால் இரண்டையும் கீழே இழுக்கலாம்.

விலைச்சிட்டையும் பதிவிலக்கமும் இல்லாத கறுப்புத் தூள், 'ஒரே நாளில் இளைப்பு நிற்கும், மூட்டுவலி பறக்கும்' என்று தந்தால், உள்ளே ஸ்டெரொயிட் கலந்திருக்கலாம் என்று சந்தேகியுங்கள். முகம் உருண்டு பசி கூடி சீனி ஏறுவது அதன் அடையாளம். உலோகமும் உண்டு: பொஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14இல் ஈயம், பாதரசம், ஆசனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்ததை 2004இல் கண்டார்கள்.

கடையும் சேவையும்

காபோஸ் லேன் கடைக்காரர்களின் சரக்கறிவு பெரியது. பெயரைத் தமிழில் சொன்னாலும் சிங்களத்தில் சொன்னாலும் எடுத்துத் தருவார்கள். பழைய சரக்கென்றால் கேட்டால் மறைக்காதவர்களும் உண்டு. காலையில் போங்கள், சனம் குறைவு, சாக்கைக் கிளறிப் பார்க்க விடுவார்கள். குறை ஒன்றே: 'வேறு என்ன மருந்து எடுக்கிறீங்கள்?' என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. அதை வாங்குபவரே சொல்லவேண்டியிருக்கிறது. கிளினிக் கொப்பியைக் கையில் கொண்டுபோய், மாற்று உறுப்பு, கார்பிமசோல், மெதோட்ரெக்சேட், க்ளோசப்பின், பிரெட்னிசலோன், கீமோ என்று ஏதாவது அதில் எழுதியிருந்தால் மரமஞ்சள், மிளகு, திப்பிலி, அதிமதுரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறும் மல்லியும் சிறுதுண்டு வேர்க்கொம்பும் மட்டும் நிறுக்கச் சொல்லுங்கள். அதையும் குடிக்குமுன் கிளினிக்கில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். தொண்டைநோவோ காய்ச்சலோ இருந்தால் முதலில் போவது கடைக்கல்ல, வைத்தியரிடம். ஆயுர்வேத ஆலோசனையே வேண்டுமென்றால் பொரளை தேசிய ஆயுர்வேத வைத்தியசாலையில் பதிவுபெற்ற வைத்தியர் பார்ப்பார், அங்கேயும் கொப்பியைக் காட்டுங்கள்.

வாங்கியதை பொலித்தீனில் விடாமல் அன்றைக்கே வெயிலில் காயவைத்து, மூடி இறுகும் கண்ணாடிப் போத்தலில் போட்டு, வாங்கிய திகதியை எழுதி ஒட்டுங்கள். மல்லி ஆறு மாதம் தாங்கும். பற்பாடகத்தை மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.